ஜெராக்ஸ் அக்காவின் வாசகர்கள்: பெங்களூரிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜூன் மாதக் கடைசி. அல்சூர் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நீண்ட வரிசை. கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டத்துக்குப் பதிவு தொடங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. 200 யூனிட் வரை கரண்ட் இலவசம் என்று ஊரெல்லாம் அதே பேச்சு. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் வாடகைக் குடித்தனக்காரர்கள், அதிலும் நிறையப் பேர் தமிழ் ஆட்கள். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "வாடகைக்கு இருக்கிறவங்களுக்கும் உண்டாக்கா?" கடைக்கார அக்கா பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய், கடைசியில் ஒரு ஏ4 தாளில் தமிழில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்.

"வாடகைக்கு இருந்தாலும் உண்டு. கரண்ட் பில்லில் இருக்கிற அக்கவுண்ட் ஐடி வேணும், ஆதார் வேணும், வீட்டு அக்ரிமென்ட் இருந்தா எடுத்து வாங்க. 200 யூனிட்டும் ஃப்ரீ கிடையாது. போன வருஷம் மாசம் சராசரியா எவ்வளவு எரிச்சீங்களோ அதுக்கு மேல 10 சதவீதம், அவ்வளவுதான் ஃப்ரீ."

வரிசையில் நின்றவர்கள் அதைப் படித்ததோடு விடவில்லை, ஃபோனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து கே.ஆர். புரத்திலிருந்து ஒருவர் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடையைத் தேடி வந்தார். தாளின் ஓரத்தில் கடைப் பெயர்ப் பலகையின் பாதி எழுத்து விழுந்திருந்ததாம், அதை வைத்துக் கண்டுபிடித்தாராம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அக்கா அப்போது ஏழு மாதமாக இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தார். வாசகர் என்று சொல்ல ஆள் கிடையாது. ஏழு மாதம் நடக்காதது ஒரு செல்லோடேப் துண்டால் நடந்தது எப்படி என்பதுதான் இந்த ஆய்வின் விஷயம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவன், மெய்ப்புத் திருத்துவது தொழில். அக்கா எழுதியதையெல்லாம் வெளியே போகும் முன் படித்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். அவருக்கு நான் கொடுத்த யோசனைகளில் பாதி தப்பு. அதையும் மறைக்காமல் சொன்னால்தான் இது ஆய்வு. பெயர் வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டார், அதனால் இங்கே அவர் அக்காதான். மற்றபடி ஆதாரம் என்று என்னிடம் இருப்பது அவர் கடைக் கணக்கு எழுதும் நீள நோட்டின் பின்பக்கம். மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரித்திருப்பார்: தேதி, எழுதியது என்ன, அப்புறம் மூன்றாவதாக "திரும்பப் பேசினவங்க."

அந்த மூன்றாவது பத்தியைப் போடச் சொன்னது நான் இல்லை, அவராகவே போட்டது. இத்தனை பேர் பார்த்தார்கள், இத்தனை பேர் விரல் உயர்த்தினார்கள் என்று ஃபோன் காட்டும் கணக்கு எதையும் அவர் நோட்டில் ஏற்றவே இல்லை. "கடைக்கு வந்து நின்னுட்டுப் போறவங்களையா கணக்குல எழுதறோம்? ஜெராக்ஸ் எடுத்தவங்களைத்தானே எழுதறோம்" என்றார்.

பூப்படம்

அக்காவின் அப்பா திருப்பத்தூரிலிருந்து பெங்களூருக்கு வந்தவர். அக்கா பிறந்தது இங்கேதான். ஆனால் அப்பா வீட்டில் உட்கார்த்தி வைத்துத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கன்னடம் பள்ளிக்கூடத்தில் வந்தது. இரண்டிலும் டைப் செய்வார். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் நடை தூரத்தில் இருப்பதால் கடையில் முக்கால்வாசி வேலை வாடகை அக்ரிமென்ட் அடிப்பது, மிச்சம் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம்.

2022 கடைசியில் ஃபேஸ்புக்கில் கவிதை எழுத ஆரம்பித்தார். தாய்மை, மழை, தனிமை, பிரிவு. ஒவ்வொன்றையும் ரோஜாப் படத்தின் மேலோ சூரிய அஸ்தமனத்தின் மேலோ அச்சடித்து, மூலையில் பெயர் போட்டு, காலையில் ஒன்று இரவில் ஒன்று. தினமும் போட்டால்தான் கூட்டம் சேரும் என்று சொன்னவன் நான். கவிதைகள் மோசம் என்று சொல்ல மாட்டேன். சிலது நன்றாகவே இருந்தன. ஆனால் அவை யாருக்கு என்று கேட்டால் பதில் கிடையாது. நாத்தனார் கை தட்டினார், ஓசூரில் இருக்கும் தங்கை இதயம் போட்டார், பள்ளித் தோழி "சூப்பர்டி" என்றார். நூற்றுக்கணக்கில் படம் போட்டதில், மூன்றாவது பத்தியில் வெளியாள் என்று ஏறியது மூன்று பேர். அதில் ஒருவர் இன்சூரன்ஸ் விற்பவர்.

கவிதைக்கு ஆள் வராது என்று நான் சொல்லவில்லை. கவிதைக்கு வாசகர் உண்டு, ஆனால் அவர்கள் ஏற்கெனவே வேறு கவிஞர்களைச் சுற்றி இருக்கிறார்கள். அங்கே போய் மற்றவர்களைப் படித்து, பேசி, நாலு பேருக்குத் தெரிந்தவராக ஆக வேண்டும். காலை எட்டு மணிக்குக் கடை திறந்து இரவு ஒன்பதுக்குச் சாத்தும் ஒருவருக்கு அதற்கு நேரம் கிடையாது.

படத்தில் எழுத்தை அச்சடித்ததில் இன்னொரு சிக்கலும் இருந்தது, அப்போது எனக்கே உறைக்கவில்லை. படத்துக்குள் இருக்கும் எழுத்தை வாட்ஸ்அப்பில் தேடினால் கிடைக்காது. லேசில் நகலெடுக்க வராது. கண் மங்கியவர்கள் ஃபோனில் எழுத்தின் அளவைக் கூட்டி வைத்திருந்தாலும் படத்தில் இருக்கும் எழுத்து பெரிதாகாது. எழுத்தாக ஒருவருக்கு அனுப்பியது அப்படியில்லை, அழிக்காமல் வைத்திருந்தால் எத்தனை மாதம் கழித்தும் ஒரு வார்த்தையைப் போட்டுத் தேடினால் வந்து நிற்கும். இது ஏன் முக்கியம் என்பது ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

256 பேருக்கு அனுப்பி இருபது பேருக்குக்கூடப் போகாத கதை

கண்ணாடியில் ஒட்டிய அந்தத் தாளுக்குப் பிறகு அக்கா கவிதையை நிறுத்திவிட்டார். கவுண்ட்டரில் ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டால் அதற்குப் பதில் எழுதுவது என்று வைத்துக்கொண்டார். மூன்று பேர் என்பது அவர் கணக்கு. ஒருவர் கேட்டால் அது அவர் பிரச்சினை, இரண்டு பேர் கேட்டால் தற்செயல், மூன்று பேர் கேட்டால் தெருவே கேட்கிறது என்பார்.

எழுதுவது சரி, அனுப்புவது எப்படி? வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் என்று ஒன்று உண்டு, ஒரே செய்தியை 256 பேருக்குத் தனித்தனியாக அனுப்பலாம். கடைக்கு வந்த வாடிக்கையாளர்களில் சரி என்றவர்களின் எண்களைப் போட்டு அனுப்பினோம். இருபது பேருக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. ஃபோன் கெட்டுவிட்டதோ என்று பார்த்தோம். விஷயம் வேறு: நம்முடைய எண்ணைத் தன் ஃபோனில் சேவ் செய்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். நம்மிடம் அவர் எண் இருந்து பயனில்லை, அவரிடம் நம் எண் இருக்க வேண்டும்.

நான் அலுத்துக்கொண்டேன். அக்கா அலுத்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து, ஜெராக்ஸுக்குச் சில்லறை கொடுக்கும்போதே, "ஃபோன் கையிலதானே இருக்கு, நம்பரை இப்பவே சேவ் பண்ணிக்குங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். என்ன பெயரில் சேவ் செய்தார்கள் என்று எட்டிப் பார்த்தார். பத்தில் எட்டுப் பேர் போட்டது "ஜெராக்ஸ் அக்கா". பதிவுகளுக்கென்று நான் யோசித்து வைத்திருந்த 'நகரத் தென்றல்' என்ற பெயர் அன்றோடு செத்தது. நல்லவேளை.

நடுவில் ஒரு விபத்தும் நடந்தது. பிராட்காஸ்டை விடக் குழு நல்லது என்று யாரோ சொல்ல, எல்லாரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தோம். முதல் நாள் வணக்கம், இரண்டாம் நாள் காலை வணக்கப் படங்கள், நான்காம் நாள் ஒருவர் சீட்டுக்கு ஆள் சேர்த்தார். குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டு புரோக்கர் உள்ளே நுழைந்து அத்தனை எண்களையும் எடுத்துக்கொண்டார். இரண்டு பெண்களுக்கு இரவில் தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தது. அவர்கள் நேராகக் கடைக்கு வந்து அக்காவிடம்தான் சண்டை போட்டார்கள், நியாயமான சண்டை. ஒன்பதாவது நாள் குழுவை மூடினோம். அந்த இரண்டு பெண்களில் ஒருவர் இன்னும் கடைப் பக்கம் வருவதில்லை.

2023 செப்டம்பரில் வாட்ஸ்அப் சேனல் இந்தியாவுக்கு வந்தது. சேனலில் சேர்பவரின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது. குழுவில் பட்ட சூட்டுக்கு அது மருந்து மாதிரி இருந்தது. ஆனால் அப்போது சேனலில் வாசகர் திரும்பிப் பேச முடியாது, ஒரு இமோஜி போடலாம், அவ்வளவுதான். மூன்றாவது பத்திதான் உயிர் என்று இருப்பவருக்கு இது சங்கடம். அதனால் ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் கடை நம்பரைப் போட்டார்: "கேள்வி இருந்தா இதுக்கு அனுப்புங்க, ராத்திரி ஒன்பதுக்கு மேலதான் பதில் வரும்."

குத்தகைன்னா மாந்தோப்பாக்கா?

இனி லீஸ் பதிவு. இந்த ஆய்வில் நான் அதிக நேரம் செலவழிக்க விரும்புவது இதில்தான்.

பெங்களூரில் 'லீஸ்' என்றால் தனி அர்த்தம். மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வருடம் மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது. காலம் முடிந்ததும் தொகை திரும்ப வரும், வர வேண்டும். நம் ஊரில் ஒத்தி என்போம், போக்கியம் என்போம், கன்னடத்திலும் போக்யா உண்டு. ஊரில் நிலத்தை விற்றோ நகையை விற்றோ கொஞ்சம் பணத்தோடு வருகிறவர்களுக்கு மாத வாடகையிலிருந்து தப்பிக்க இது ஒரு வழி. ஏமாறுவதற்கும் நல்ல வழி.

2023 அக்டோபரில் ஒரு தம்பதி லீஸ் அக்ரிமென்ட் அடிக்க வந்தார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம். ஆறு லட்சம், மூன்று வருடம். கணவர் பெயிண்டர், மனைவி கையில் குழந்தை. அக்கா டைப் அடித்துக்கொண்டே வீட்டு வரி ரசீதைக் கேட்டார். ரசீதில் ஒரு பெயர், அக்ரிமென்ட்டில் ஓனர் என்று போடச் சொன்னது வேறு பெயர். "இவர் யாருங்க?" என்று கேட்டார். "அவர்தான் வீட்டைக் காட்டினாரு, சாவி அவர்கிட்டதான் இருக்கு" என்றார் பெயிண்டர். உண்மையான ஓனரிடம் வீட்டை மாத வாடகைக்கு எடுத்து, அதையே வேறொருவருக்கு லீஸுக்கு விட்டு, மொத்தப் பணத்தோடு காணாமல் போவது இந்த ஊரில் நடக்கிற வேலை. அக்கா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார். அட்வான்ஸாகக் கொடுத்த இருபதாயிரம் திரும்ப வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆறு லட்சம் போகவில்லை.

அதே மாதத்தில் லீஸ் பற்றி வேறு இரண்டு பேரும் கேட்டிருந்தார்கள். மூன்று ஆயிற்று. அக்கா எழுதினார், நான் திருத்தினேன். திருத்தினேன் என்றால், பெயிண்டருக்கு எழுதியதைத் தமிழாசிரியருக்கு எழுதியதாக மாற்றினேன். 'ஓனர்' வீட்டு உரிமையாளர் ஆனார், 'அட்வான்ஸ்' முன்பணம் ஆனது, 'லீஸ்' குத்தகை ஆனது. தலைப்பு 'குத்தகை ஒப்பந்தங்களில் கவனிக்க வேண்டியவை'. அக்கா எதுவும் சொல்லாமல் தாளில் அடித்துக் கண்ணாடியில் ஒட்டினார். கடைக்குப் பால் போடும் பையன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டான்: "குத்தகைன்னா மாந்தோப்பாக்கா?"

கிருஷ்ணகிரிக்காரனுக்கு வேறென்ன தோன்றும்.

தாளைக் கிழித்துவிட்டு அக்கா திரும்ப எழுதியதன் தொடக்கம் இது:

"வீட்டை லீஸுக்கு எடுக்கப் போறீங்களா? ஒத்தி, போக்கியம் எல்லாம் இதுதான். ஓனர்னு சொல்றவர்கிட்ட வீட்டு வரி ரசீதைக் கேளுங்க. ரசீதுல இருக்கிற பேரும் ஆதார்ல இருக்கிற பேரும் ஒண்ணா இல்லேன்னா பணத்தைக் கையில குடுக்காதீங்க. இதைப் படிக்க ஒரு நிமிஷம்தான், பணம் சேக்க உங்களுக்கு எத்தனை வருஷம் ஆச்சு?"

பேச்சுத் தமிழில் எழுதியதால் இது எடுபட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நான் கவனித்தது வேறு. முதல் வரியில் யாருக்கு என்று இருக்கிறது. லீஸுக்குப் போகாதவர் அங்கேயே நின்றுவிடலாம், அதில் அக்காவுக்கு நஷ்டமில்லை. இரண்டாவது வரியில் அந்தப் பொருளுக்கு அந்தந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் எல்லாப் பெயரும் இருக்கின்றன, தருமபுரிக்காரர் ஒத்தி என்று தேடினாலும் கிடைக்கும், அல்சூரில் பிறந்தவர் லீஸ் என்று தேடினாலும் கிடைக்கும். மூன்றாவது வரியிலேயே செய்ய வேண்டிய வேலை வந்துவிடுகிறது. அதற்கு மேல் படிக்காமல் போனவருக்கும் உபயோகம் உண்டு.

அதற்கப்புறம் பதிவில் வந்தவை: ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீஸை 1908ஆம் வருடத்துப் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்யாத தாளைக் கோர்ட்டில் லீஸுக்கு ஆதாரமாகக் காட்டுவது கஷ்டம். வாடகை அக்ரிமென்ட் எல்லாம் 11 மாதத்துக்கே போடப்படுவதற்கும் இதே சட்டம்தான் காரணம். வீட்டின் மேல் பேங்க் கடன் இருந்து ஓனர் கட்டாமல் போனால், பேங்க் வீட்டை எடுத்துக்கொள்ளும், உள்ளே இருப்பவர் வெளியே போக வேண்டி வரும். அதனால் ஈ.சி., அதாவது வில்லங்கச் சான்று, போட்டுப் பாருங்கள், போதும்.

அந்த 'போதும்' தப்பு.

பேங்க்கில் வேலை செய்யும் ஒருவர் இரவு பத்து மணிக்குச் செய்தி அனுப்பினார். பத்திரத்தை பேங்க்கில் ஒப்படைத்து வாங்கும் கடனில், அதற்கான தாள் பதிவாகாமல் இருந்தால் வில்லங்கச் சான்றில் அது தெரியாது. அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஓனர் ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எங்கே என்று கேட்க வேண்டும். இப்படிப்பட்ட கடன்களைப் பதிந்து வைக்க செர்சாய் என்று ஒரு மத்தியப் பதிவகம் இருக்கிறது, கட்டணம் கட்டி யாரும் அதில் தேடலாம்.

பழைய பதிவைச் சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்றேன். அக்கா கேட்கவில்லை. "போன வாரம் நான் எழுதினதுல ஒரு தப்பு" என்று ஆரம்பித்துப் புதிதாக ஒன்று அனுப்பினார். அதில் ஒரு வரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கிறவளே ஜெராக்ஸை நம்பி எழுதிட்டேன்." நோட்டைப் புரட்டினால் அந்த வாரத்தின் மூன்றாவது பத்தி ஒரு பக்கம் போதாமல் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறது. தப்பை ஒத்துக்கொண்டதால் ஆள் போய்விடும் என்று நான் பயந்தேன், வந்தவர்கள் பலர் அசல் பத்திரத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். அதாவது, திருத்தத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள்.

எப்போது அனுப்புவது என்பதையும் கவுண்ட்டர்தான் சொல்லிக்கொடுத்தது. இந்த ஊரில் வேலைக்குப் போகிறவர்கள் வீடு தேடி அலைவது சனி, ஞாயிறு. திங்கள் காலையில் அக்ரிமென்ட் அடிக்க வருவார்கள், அப்போது சொல்லி என்ன பயன், டோக்கன் அட்வான்ஸ் கைமாறியிருக்கும். அதனால் வெள்ளி இரவு. வாரம் ஒன்று. தினமும் போடு என்ற என் யோசனை அந்தக் கவிதைகளோடு போயிற்று.

தண்ணி ஆளுங்க

2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர் இல்லை. போர்வெல்கள் வற்றி, டேங்கர்காரர் சொன்னதுதான் விலை என்று ஆனது. மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு விலை நிர்ணயித்தது: ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 8,000 லிட்டருக்கு 700, 12,000 லிட்டருக்கு 1,000. அக்கா அதை ஆறு வரியில் தமிழில் போட்டார்.

தீ மாதிரி பரவியது. எத்தனை பேருக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. இந்தியாவில் 2018இலிருந்தே ஒரு செய்தியை ஒரு தடவைக்கு ஐந்து இடத்துக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது, நிறையத் தடவை கைமாறிய செய்தியை 2020இலிருந்து ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். அந்தத் தடையையும் தாண்டி, மூன்றாம் நாள் ஓசூர்த் தங்கையிடமிருந்தே அக்காவுக்குத் திரும்பி வந்தது. அதில் 'ஜெராக்ஸ் அக்கா' என்ற வரியைக் காணோம், கடை நம்பரைக் காணோம், 700 ரூபாய் 900 ஆகியிருந்தது.

சேனலில் ஆள் குபுகுபுவென்று ஏறியது. நான் துள்ளிக் குதித்தேன். இனி வாரத்துக்கு மூன்று, எல்லாம் தண்ணீரைப் பற்றி, என்றேன். அக்கா நோட்டைக் காட்டினார். இத்தனை ஆள் ஏறிய வாரத்தில் மூன்றாவது பத்தியில் நான்கே பேர். அதில் இரண்டு பேர் டேங்கர் நம்பர் கேட்டவர்கள். மே மாதம் மழை வந்ததும் வந்தவர்கள் இறங்கத் தொடங்கினார்கள். அக்கா நோட்டில் எழுதியிருப்பது ஒரே வரி: "தண்ணி ஆளுங்க போயாச்சு."

டேங்கர் பதிவை எழுதியதே தப்பு என்று நான் நினைக்கவில்லை. நாலு பேர் கூடுதலாகக் காசு கொடுக்காமல் தப்பித்திருப்பார்கள். ஆனால் அது யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடியது, அதனால்தான் பெயர் விழுந்தபோது யாருக்கும் தெரியவில்லை. லீஸ் பதிவிலிருந்து கடையையும் கவுண்ட்டரையும் கழித்துவிட்டு அனுப்பினால் பாதி செத்துவிடும். புதிதாக எழுத வருகிறவர்கள் ஒரு பதிவு பரவியதும் அதையே திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் விட்டிருந்தால் அக்காவையும் அப்படித்தான் ஆக்கியிருப்பேன்.

படிக்கத் தெரியாத வாசகர்

இதைக் கண்டுபிடித்தது அக்காவின் மகன், அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் தமிழ்தான் பேசுவான். பள்ளிக்கூடத்தில் கன்னடமும் ஆங்கிலமும். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "நீ எழுதறதை எனக்கே படிக்க வராதும்மா. என் ஃப்ரெண்ட்ஸ் வீட்லயும் எவனுக்கும் வராது."

அக்கா அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை என்றார். அப்பா தனக்குச் செய்ததைத் தான் பிள்ளைக்குச் செய்யவில்லை என்பது ஒன்று. இன்னொன்று, எழுத்தாளராக: அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் என்று இந்த ஊரில் மூன்று நான்கு தலைமுறையாக இருக்கும் தமிழர்களில் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர்! அவர்களும் வாடகைக்குத்தான் இருக்கிறார்கள், அவர்களும் லீஸுக்குப் பணம் கொடுக்கிறார்கள். கண்ணாடித் தாளைப் படம் எடுத்தவர்களில் சிலர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் யாரையாவது படிக்கச் சொல்லத்தான் எடுத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

2024 தொடக்கத்தில் சேனலில் வாய்ஸ் நோட் போடும் வசதி வந்திருந்தது. தண்ணீர்க் கூத்தெல்லாம் ஓய்ந்த பிறகு, ஜூனில் அக்கா ஒவ்வொரு பதிவையும் எழுத்தாக ஒரு தடவை, குரலாக ஒரு தடவை போட ஆரம்பித்தார். கடை சாத்திய பிறகு, ஃபேனை நிறுத்திவிட்டு, இரண்டு நிமிடத்துக்குள். முதல் நோட்டில் பின்னால் பேருந்து ஹாரன் கேட்கும். எழுதியதை அப்படியே படித்தால் எடுபடவில்லை, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு கவுண்ட்டரில் சொல்வது போலச் சொன்னபோது எடுபட்டது. அதன்பின் எழுதும்போதே முதலில் வாயால் சொல்லிப் பார்த்து எழுதலானார், எழுத்தும் நன்றாகிவிட்டது. இது நான் எதிர்பார்க்காதது.

11 மாதம்

2024 செப்டம்பரில் ஒரு வினோதம். புதிதாக எதுவும் பெரிதாக எழுதாத மாதம், ஆனால் மூன்றாவது பத்தி நிரம்புகிறது. யார் இவர்கள் என்று பார்த்தால், ஒரு வருடத்துக்கு முன் படித்தவர்கள். வாடகை அக்ரிமென்ட் 11 மாதம். வீட்டைப் பற்றி எழுதியதை ஒருவர் படிக்கிற நாளில் அவருக்கு அது தேவையாக இருக்க வேண்டியதில்லை. படித்துவிட்டு, தலையாட்டிவிட்டு, மறந்துவிடுகிறார். அக்ரிமென்ட் முடிகிற மாதம் "லீஸ்" என்றோ "அட்வான்ஸ்" என்றோ ஃபோனில் தேடுகிறார், ஜெராக்ஸ் அக்கா வந்து நிற்கிறார். பூப்படமாகப் போட்டிருந்தால் வந்திருக்காது.

இதை முன்பே தெரிந்து செய்தோம் என்று பெருமை பேச முடியாது. ஆனால் எட்டு மாதத்தில் கைவிட்டிருந்தால் இதைப் பார்த்திருக்கவே மாட்டோம். அந்த வருட ஆகஸ்ட் வாக்கில், வீடு மாறுகிறவர்கள் கிருஹ ஜோதி இணைப்பைப் பழைய மீட்டரிலிருந்து விடுவித்துக்கொள்ளும் வசதி வந்திருந்தது. அக்கா அதை எழுதியதும் தற்செயலாக அந்தச் சுற்றோடு ஒத்துப்போனது.

2024 அக்டோபரில் பெங்களூரில் சொத்துப் பதிவுக்கு இ-கத்தா, அதாவது சொத்து யார் பெயரில் என்று காட்டும் ஆன்லைன் சான்று, கட்டாயம் என்று ஆனபோது ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. நான் நச்சரித்தேன். "அது வீட்டுக்காரங்க கவலை தம்பி. என் ஆளுங்க குடியிருக்கிறவங்க" என்று மறுத்துவிட்டார். ஒரு புரோக்கர் தன் பெயரை வாரம் ஒரு தடவை சொன்னால் மாதம் இவ்வளவு என்று பேரம் பேச வந்ததையும் மறுத்தார். கடை வாடகைக்குத் தட்டுப்பாடாக இருந்த மாதம் அது, எனக்குத் தெரியும். எழுத்தால் நேராக வந்த வருமானம் இன்றுவரை பூஜ்யம். அக்ரிமென்ட் அடிக்க வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், ஹெப்பாலிலிருந்தும் ஒயிட்ஃபீல்டிலிருந்தும்கூட வருகிறார்கள். கடையில் இரண்டாவது கம்ப்யூட்டர் வந்திருக்கிறது.

சேனலில் இப்போது எத்தனை பேர் என்று கேட்டேன், இதில் எழுதுவதற்காக. ஃபோனைத் துழாவிப் பார்த்துச் சொல்வதற்குள் ஒரு பெண் வந்துவிட்டார், பி.ஜி. விடுதியை விட்டுப் போகும்போது அட்வான்ஸில் ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டார்களாம், அப்படிப் பிடிக்கலாமா என்று கேட்டார். அக்கா நோட்டைத் திருப்பினார். பின்பக்கத்தில் 'பி.ஜி. அட்வான்ஸ்' என்று ஏற்கெனவே எழுதி, பக்கத்தில் இரண்டு கோடு போட்டிருந்தது. மூன்றாவது கோட்டைப் போட்டார்.